ஆரஞ்சு மூடி

இது ஆத்தா இல்லை. இது ரெட்டினால்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் அன்புச்செல்வி மனதுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். மெதுவாக, வேகமாக, மரியாதையாக, அழுகிற மாதிரி. எப்படிச் சொன்னாலும் அவை வாய்க்கு வெளியே வரக்கூடிய வாக்கியங்களாக ஆகவில்லை. எதிரே கூடத்தில், வேப்பிலை பரப்பிய பாயில், மாமியார் பச்சையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு கன்னமும் நெற்றியும் புதுச் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன. மூக்கின் ஓரத்தில் தோல் வெங்காயச் சருகு போலக் கிளம்பி நின்றது. வாசலில் பக்கத்து வீட்டு ஆராயி முக்காலி மேல் ஏறி நிலைப்படியில் வேப்பங்கொத்து கட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்திர வெயிலு. அவ வர்ற நேரந்தான் இது. எங்க வூட்டத் தாண்டி இங்க வந்திருக்கா பாரு, அதுக்கு ஒரு குடுப்பன வேணும்" என்றாள் ஆராயி. குரலில் பக்தியும் கொஞ்சம் பொறாமையும் இருந்தன. "இன்னிலேருந்து தாளிக்கக் கூடாது. தல வாரக் கூடாது. மூணு தண்ணி ஊத்தி ஆத்தாவ அனுப்பி வைக்கிற வரைக்கும் வூட்டுப் பொம்பளைங்க வாசப்படி தாண்டக் கூடாது. புரியுதாடி?"

"மூணாந் தண்ணி எப்பங்க?"

"இன்னிக்கு திங்களா? புதன் ஒண்ணு, வெள்ளி ஒண்ணு, ஞாயித்துக்கெழம மூணாவது."

"அவரு?"

"முருகவேலா? அவன் ஆட்டோ ஓட்டட்டும். அது ஆம்பள பொழப்பு. ஆத்தா கோச்சிக்க மாட்டா."

ஆத்தாவுக்கு இவ்வளவு விவரமான சட்டதிட்டம் இருப்பது அன்புச்செல்விக்கு அன்றுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. செங்கம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் மூலிகை கிரீம் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கெமிஸ்ட்ரி படித்த பெண் தேவை என்று பேப்பரில் இரண்டு வரி விளம்பரம் வந்திருந்தது. பி.எஸ்சி. முடித்து நாலு வருஷம், கல்யாணமாகி இரண்டு வருஷம். இத்தனை நாளில் அவளுடைய கெமிஸ்ட்ரியை ஒருவர் கேட்டது அந்த இரண்டு வரிதான். இன்டர்வியூ கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முருகவேலிடம் சம்மதம் வாங்க ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அந்த ரெட்டினால் இந்த வீட்டுக்கு வந்த கதை இப்படி. மாடி அறையில் ஒவ்வொரு குளிர்காலமும் மூன்று மாதம் தங்குகிற வெள்ளைக்கார இங்கிரிட் அம்மாள், மார்ச்சில் வெயில் தலைகாட்டியதும் ஊருக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது ஒரு துணிப்பையில் ஐந்து சிறிய பழுப்புக் கண்ணாடி சீசாக்களை அன்புச்செல்வியிடம் கொடுத்தாள். எல்லாம் முகத்துக்கான சீரம். அறுபத்தி மூன்று வயது அவளுக்கு. முகம் நாற்பதைத் தாண்டவில்லை. ஆசிரமத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து நான் யார் என்று விசாரித்துவிட்டு, அறைக்கு வந்து கண்ணாடி முன் நின்று, சொட்டு மருந்து விடுவதுபோல் விட்டுத் தடவிக்கொள்வாள். இரண்டுக்கும் ஒரே அளவு சிரத்தை. கொடுத்தபோது ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள். அன்புச்செல்வி பழைய பிராக்டிகல் நோட்டைத் தேடி எடுத்துக் குறிப்பெழுதினாள். மார்ஜின் போட்டு.

பாடத்தில் அவளை அசத்தியது முதல் விஷயம். சீசாவின் முதுகில் சேர்மானங்களை எது ஜாஸ்தியோ அதை முதலில் போடுவார்களாம். ஐந்து சீசாவில் நாலில் முதல் பெயர் அக்வா. தண்ணீர். ஒரு சீசா இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். அடுத்தது கிளிசரின். மெடிக்கல் ஷாப்பில் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிற அதே கிளிசரின்தான். அப்புறம்தான் விலையுள்ள பெயர் வரும், துளியூண்டு. கல்யாணப் பத்திரிகையில் கடைசியில் சின்ன எழுத்தில் போடுகிற பெரிய மனிதர் மாதிரி.

ஹயலூரானிக் ஆசிட். ஆசிட் என்று பெயரே தவிர, சாது. தண்ணீரை இழுத்துத் தோலில் பிடித்து வைக்கும். ஈரமான முகத்தில் தடவி மேலே கிரீம் போட வேண்டும். காய்ந்த முகத்தில் வறண்ட காற்றில் தடவினால், மேலே இழுக்கத் தண்ணீர் இல்லாமல் உள்ளே இருப்பதையே இழுத்துவிடும். வைட்டமின் சி காலையில். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறிப்போகும், காபி நிறம் வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். நியாசினமைட் ஒரு பி வைட்டமின், எண்ணெய் வழிகிற முகத்துக்கும் திட்டுத்திட்டான கருமைக்கும். யாருடனும் சண்டை போடாது. கிளைகாலிக் ஆசிட் கரும்பில் இருப்பது. செத்த தோலை ஒட்டவைத்திருக்கும் பசையை இளக்கிவிடும். ஐந்தாவது, ஆரஞ்சு மூடி. ரெட்டினால், வைட்டமின் ஏ. பழைய தோலைத் தள்ளிப் புதிய தோலைக் கூப்பிடும். பட்டாணி அளவு. இரவில் மட்டும். வாரத்துக்கு இரண்டு நாள். கிளைகாலிக்கோடு சேர்க்கக் கூடாது. "நோ சன்" என்று இங்கிரிட் அம்மாள் மூன்று தடவை விரலை ஆட்டிச் சொன்னாள். திருவண்ணாமலையில் நின்றுகொண்டு.

அன்புச்செல்வி ஒன்றையும் தடவிக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்தப் பெயர்கள் போதுமாக இருந்தன. மதியம் டைப்ரைட்டிங் கிளாஸ் முடித்து வந்து, பீரோவில் புடவைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஒவ்வொரு சீசாவின் லேபிளையும் ஒரு முறை படித்துவிட்டுத் திரும்ப வைப்பாள். காலேஜ் லேபின் பழக்கம் விடாமல், சீசாவை வெளிச்சத்தில் பிடித்துத் திரவத்தின் மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து லேபிள் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். திரவம் என்றால் மட்டம் குறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆராயி வேப்பிலை கட்டிவிட்டு இறங்கியதும், அன்புச்செல்வி பீரோவைத் திறந்து கோடுகளைப் பார்த்தாள். ஐந்தும் இறங்கியிருந்தன. ஆரஞ்சு மூடி எட்டு மில்லி. வெள்ளை ரப்பர் குமிழ்களில் எல்லாம் மஞ்சள் கறை. அந்த வீட்டில் மஞ்சள் பூசிக் குளிப்பது ஒருத்திதான்.

காட்சி அவள் கண் முன்னால் ஓடியது. மருமகள் டைப்ரைட்டிங் போன மதியங்களில், பச்சையம்மாள் ஐந்து சீசாவையும் வரிசையாக வைத்து, எது எதற்கு என்று தெரியாததால் எதற்கும் குறை வைக்காமல், ஐந்தையும் உள்ளங்கையில் ஊற்றிக் குழைத்து, தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல அரக்கித் தேய்த்திருக்கிறாள். பிறகு மொட்டை மாடிக்குப் போய், கீழ்பென்னாத்தூர் நிலத்திலிருந்து வந்த மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டு, காக்கா ஓட்டிக்கொண்டு, மலையைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாரம். செய்யக் கூடாதவை என்று நோட்டில் எழுதிய அத்தனையும், ஒன்றுவிடாமல். ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொண்டால் முழுமையானது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் முருகவேல் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவன் பின்னாலேயே நின்று சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இது அம்ம இல்லீங்க. அந்த இங்கிரிட் அம்மா குடுத்த மருந்த எடுத்து மூஞ்சில பூசிக்கினு வெயில்ல ஒக்காந்திருக்காங்க. கொப்புளமே இல்ல பாருங்க. ஒடம்புல எங்கயும் இல்ல, மூஞ்சில மட்டும். காய்ச்சலும் இல்ல."

முருகவேல் சொம்பைக் கீழே வைத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். "சத்தமா பேசாத."

"மெதுவாத்தான் பேசறேன்."

"நான் போயி எங்கம்மாகிட்ட, யம்மா உம்மேல வந்திருக்கிறது சாமி இல்ல, நீ திருட்டுத்தனமா பூசிக்கின மேக்கப்புன்னு சொல்லணுமா? ஆராயி அத்த மூணு தெருவுக்குச் சொல்லிட்டாங்க. காலைல ஸ்டாண்டுல ஒருத்தன் என் கையில எளநி காசு குடுத்து ஆத்தாவுக்குச் சாத்தச் சொல்றான்."

"வெள்ளிக்கெழம பத்து மணிக்கு எனக்கு..."

"வேற வேல வரும் செல்வி. ஆத்தா கோச்சிக்கினா வருமா?"

சாமியும் அம்மாவும் ஒரே பாயில் படுத்திருக்கும்போது ஒரு ஆண் பிள்ளையிடம் அறிவியல் பேசக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. நேராகப் போய் மாமியாரிடமே கேட்டுவிடலாம். 'அத்தே, என் சீசாவ எடுத்தீங்களா?' ஆறு வினாடி வேலை. ஆனால் அந்த ஆறு வினாடிக்குப் பிறகு இந்த வீட்டில் இருக்கப்போகிற முப்பது வருஷத்தை நினைத்துப் பார்த்தாள். தவிர, வேறொரு விஷயமும் அவளைத் தடுத்தது. பச்சையம்மாள் இதற்கு முன் பகலில் படுத்து அவள் பார்த்ததில்லை. ஐம்பத்திநாலு வயசில், முதல் முறையாக, எழுந்திரு என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் படுத்திருந்தாள். இளநீர் வந்தது. நுங்கு வந்தது. மோரில் கரைத்த கூழ் வந்தது. வாசலில் நின்று பெண்கள் "தாயே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். போன மாசம் குழாயடியில் இவளோடு குடத்தால் முட்டிக்கொண்டவள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். பச்சையம்மாள் ஒவ்வொன்றையும் கண்ணைப் பாதி திறந்து ஏற்றுக்கொண்டாள். அவளுக்கு அது ஆச்சரியமாகவே இருக்கவில்லை. ரொம்ப நாளாகக் காத்திருந்தவள் போல இருந்தாள்.

மருமகளின் கண்ணை மட்டும் அவள் பார்க்கவில்லை.

புதன்கிழமை முதல் தண்ணி. ஆராயி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அம்மிக் கல் அளவுக்கு ஓர் உருண்டையோடு வந்தாள், முகத்தில் அப்ப. ஏற்கெனவே வெந்த தோல். அன்புச்செல்வி பதறிப்போய் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நான் பூசிவிடறேன். நீங்க வெளிய நில்லுங்க, காத்து படக் கூடாதுன்னாங்க."

"யார்ரீ சொன்னது?"

"எங்க ஊர்ல அப்படித்தான்." அவளுக்கு ஊர் அடி அண்ணாமலை. மலையைச் சுற்றி நடந்தால் நாலு மைல்கூட இல்லை. ஆனாலும் வேறு ஊர் வழக்கம் என்றால் ஆராயிக்கு மரியாதை உண்டு. வெளியே நின்றாள்.

உள்ளே பச்சையம்மாள் முகத்தை நீட்டினாள். அன்புச்செல்வி உருண்டையைக் கழுத்துக்கும் கைகளுக்கும் பூசினாள். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மெடிக்கலில் முருகவேலைவிட்டு வாங்கி வைத்திருந்த வாஸ்லினைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். விரல் பட்டதும் பச்சையம்மாள் "ஸ்ஸ்" என்று இழுத்துவிட்டு அடங்கினாள்.

"இன்னாடி இது?"

"வெண்ண, அத்தே. சாத்தறது."

"வாசன இல்லியே."

"வாசன இருந்தா எரியும்."

பச்சையம்மாள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, காற்றிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "எரிஞ்சா இன்னா பண்ணணும்?"

"பூசறத நிறுத்தணும்" என்றாள் அன்புச்செல்வி, அவளும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே. "எதப் பூசறதா இருந்தாலும். வெயில்லயும் போவக் கூடாது."

"ஆங்."

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் டெஸ்ட் டியூபில் ஒரு சொட்டு விட்டதும் நிறம் மாறுமே, அப்படி ஏதோ ஒன்று மாறிவிட்டதாக அவளுக்குப் பட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் கூழ் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பச்சையம்மாள் கேட்டாள்: "அந்த வேலைக்கு எத்தினி மணிக்குப் போவணும்னு போட்டிருந்தான்?"

"பத்து மணி. அதுக்கென்ன இப்ப."

"சும்மா கேட்டேன்."

வெள்ளிக்கிழமை, இரண்டாம் தண்ணி. எட்டரை மணிக்குள் வாசல் நிறைந்துவிட்டது. ஆராயி கற்பூரம் ஏற்றினாள். அன்புச்செல்வி வேப்பிலைத் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். முதல் சொம்பு தண்ணீர் தலையில் விழுந்ததும் பச்சையம்மாளின் தோள் குலுங்கியது. முடி அவிழ்ந்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு "ஊம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. முருகவேல் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"தாயே, இன்னா கொறன்னு சொல்லு" என்றாள் ஆராயி.

"எம் பொண்ண..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எம் பொண்ண வூட்ல பூட்டி வச்சிருக்கீங்களேடா!"

"யாரு தாயே? எந்தப் பொண்ணு?"

"படிச்ச பொண்ணு! நான் வந்தது அவளுக்கு வழி காட்ட. நீங்க வாசப்படிய அடைச்சி வேப்பல கட்டறீங்க! அவ போவட்டும்!"

"எப்ப தாயே?"

"பத்து மணிக்கு!"

கூட்டத்தில் ஒரு முனகல் பரவியது. ஆத்தா இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நீலப் பொடவ கட்டிக்கினு போவட்டும். பச்ச வாணாம், பச்ச வெளுத்துப் போச்சி" என்றது ஆத்தா. "ஆட்டோவுல இட்டுனு போடா. வழியில சவாரி ஏத்தாத!"

முருகவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சவாரி ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அவன் உண்மையிலேயே நினைத்திருந்தானாம். அதை ஆட்டோவில் போகும்போது சொன்னான். "அது எப்பட்றீ அதுக்குத் தெரிஞ்சது?" நீலப் புடவையில் பின்னால் உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். வந்தது ஆத்தாவா, அத்தையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அந்தத் தோள் குலுங்கியது நடிப்பு மாதிரி இல்லை. பாதி பாதியாகவும் இருக்கலாம். சில கலவைகளைப் பிரித்தெடுக்கக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

கம்பெனி என்பது ஒரு பழைய அரிசி மண்டி. உள்ளே கற்றாழை வாசனை. முதலாளி தசரதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேஜையில் இருந்த வெள்ளைக் கண்ணாடிப் புட்டியை அவள் பக்கம் தள்ளினார். "புதுசா பண்ணப் போறோம். வைட்டமின் சி சீரம். வெள்ளக்காரங்க கேக்கறாங்க. இதுல இன்னா தப்புன்னு சொல்லு."

புட்டியை வெளிச்சத்தில் பிடித்து மட்டத்தைப் பார்த்தாள். பழக்கம். "பழுப்பாயிட்டு வருது சார். வெள்ளைக் கண்ணாடில போட்டா நிக்காது. பழுப்பு சீசா வேணும்."

"ம். வேற?"

"லேபிள் இங்கிலீஷ்ல மட்டும் இருக்குது."

"வாங்கறவன் இங்கிலீஷ்காரன்தானே."

"வாங்கறவங்க மட்டுமா சார் பூசறாங்க?" என்றாள். "எப்ப பூசணும், எவ்ளோ பூசணும், வெயில்ல போலாமா வாணாமான்னு தமிழ்ல பெருசா போடணும். முடிஞ்சா படமா போடணும். சூரியன் படம் போட்டு மேல ஒரு குறுக்குக் கோடு."

தசரதன் கண்ணாடியை இறக்கி அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "இது எந்த புக்குல வருது?"

"எங்க வீட்டுல வந்துது சார்."

பத்தாம் நாள் கடிதம் வந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேலை, காலை ஒன்பது முதல் மாலை ஆறு. அதற்குள் பச்சையம்மாளின் முகத்தில் பழைய தோல் முழுக்க உதிர்ந்து, உள்ளிருந்து வேறொரு முகம் வந்திருந்தது. உரித்த பனங்கிழங்கு மாதிரி. கண்ணுக்குக் கீழே இருந்த கருமைகூடக் குறைந்திருந்தது. "ஆத்தா போவும்போது தடவிக் குடுத்துட்டுப் போயிருக்கா" என்று ஆராயி தெருவெல்லாம் சொன்னாள். மூன்றாம் தண்ணியில் மிச்சம் இருந்தால் ஒரு சொம்பு கொடு என்று இரண்டு பேர் கேட்டுவந்தார்கள். இல்லை என்று அனுப்பப்பட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அன்புச்செல்வி அடுக்களையில் தரையில் உட்கார்ந்து நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். பச்சையம்மாள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். இடுப்பில் முறம். மாடியில் மல்லாட்டை கிடந்தது. தலைக்கு முந்தானையைப் போட்டு முகத்தை மறைத்திருந்தாள், வெயிலுக்கு. நோட்டுப் பாடம் இந்த அளவுக்கு ஏறியிருக்கிறதே என்று அன்புச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நாளையிலேருந்து நீ காலைல போனா சாயங்காலந்தான்."

"ஆமாங்க அத்தே. சோறு வடிச்சி வச்சிட்டுப் போறேன்."

"மத்த வேல?"

அன்புச்செல்வி கத்தியை நிறுத்தினாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. போ. நாந்தான..." பச்சையம்மாள் அங்கே நிறுத்தி, முறத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். "ஆடி வரப்போவுது. ஆடில ஒரு தரம் வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"யாரு அத்தே வரணும்?"

வெளியே ஒரு பேருந்து செங்கம் பக்கம் போகிற சத்தம் கேட்டது. பச்சையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டடி முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, முதல் முறையாக நேராக மருமகளின் கண்ணைப் பார்த்தாள்.

"அந்த ஆரஞ்சு மூடி போட்டது. அதுல ஒரு சொட்டு."

"எரிஞ்சுதே அத்தே."

"எரிஞ்சாத்தான்."

"மூஞ்சி இப்பத்தான் ஆறியிருக்குது."

"மூஞ்சிக்கு யாருடி கேட்டா?" என்றாள் பச்சையம்மாள். "ஏழு நாளு. என்னிய ஒருத்தரும் எழுப்பல."

ஒரு விதத்தில் அந்த வேலையே இவள் கொடுத்ததுதான் என்று அன்புச்செல்வி நினைத்தாள். கோடுகள் இறங்கியதைப் பார்த்த நாளிலிருந்து பீரோ சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. இடுப்பில் அது அழுந்துவது தெரிந்தது. எட்டு மில்லி போக, மிச்சம் இருபத்திரண்டு மில்லி உள்ளே இருட்டில், புடவைகளுக்குப் பின்னால் இருந்தது. பட்டாணி அளவு எடுத்தால் மட்டம் ஒரு கோடுகூட இறங்காது. பச்சையம்மாளின் வலது கை நீண்டுவிட்டிருந்தது. உள்ளங்கை மஞ்சள் பூத்து, ரேகைகளில் மல்லாட்டை மண் அடைந்து, சொட்டு விழுவதற்கு வாகாகக் குழிந்து காத்திருந்தது.

அன்புச்செல்வி கடைசி நுங்கின் தோலை மெல்ல உரித்தாள். கிழியாமல் முழுசாக வந்தது. அதை அந்தக் கைக்குழியில் வைத்தாள். பிறகு எட்டி முறத்தை எடுத்துத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "மாடில கெடக்கறத நான் அள்ளிக்கறேன். நீங்க படுங்க அத்தே."

பச்சையம்மாள் கையை மடக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் நுங்கு கண்ணாடிபோல் நின்று லேசாக ஆடியது. அதற்குள் இருந்த தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து, சமமாகி, ஒரு மட்டத்தில் நின்றது.